புன்னை மரம் இருந்த திசை

மண் மேலே பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று சொன்னால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். நித்திலா அதை வெளியே சொல்வதில்லை. ஆனால் அவள் வேலையே அதை நம்பித்தான் ஓடியது. ஒவ்வொரு மணல் துகளும் கடைசியாகத் தன்மேல் பட்ட வெளிச்சத்தின் தடத்தை உள்ளே வைத்துக்கொண்டு இருட்டில் கிடக்கிறது. மேலே வேறு மண் வந்து மூடிய கணத்தோடு அந்தத் தடம் அப்படியே நின்றுபோகும். துகள்களின் இடம் மாறாமல் பெட்டியோடு எடுத்துவந்து அவளுடைய கருவியில் வைத்தால், அந்த மண் கடைசியாகப் பார்த்தது படமாக வெளியே வரும்.

நான்கு ஆண்டுகளில் அவள் எத்தனையோ பார்த்துவிட்டாள். யாரும் இல்லாத ஒரு பிற்பகலில் அசைந்த தாழை மடல்களின் அடிப்பக்கம். மேலே ஊர்ந்துபோன நண்டின் வயிறு. எந்த நூற்றாண்டு என்றே தெரியாத ஒரு மழைமேகம். எல்லாமே கீழேயிருந்து பார்த்த உலகம். மனித முகம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. வரவேண்டும் என்று அவளுக்குள் இருந்த ஆசையை அவள் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வட்டத்தீவுக்குப் போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஒன்றரை நாள். பூமியின் இரண்டு பெரிய தட்டுகள் உரசிக்கொள்ளும் கோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலுக்கடியில் ஓடிவிட்டு, இந்தத் தீவில் மட்டும் மூன்று கிலோமீட்டர் தரையில் தலைகாட்டிவிட்டு மறுபடி கடலில் இறங்கும். அப்படித் தலைகாட்டிய இடத்தில்தான் மருதமுத்துவின் தென்னந்தோப்பு இருந்தது. அவருக்கு எழுபது வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டக்காட்டிலிருந்து திரும்பி வந்தவர்களை ரப்பர் பால் எடுக்க இந்தத் தீவில் குடியேற்றியபோது, தாயின் இடுப்பில் வந்து இறங்கியவர்.

தோப்பின் குறுக்கே ஆராய்ச்சிக் குழியைத் தோண்ட அனுமதி கேட்டுப் போன அன்று, நித்திலாதான் அவருக்கு விளக்கம் சொன்னாள்.

"கோட்டுக்கு மேற்கால இருக்கிற நிலம் வடக்கே போகுதுங்கய்யா. வருஷத்துக்குப் பன்னெண்டு மில்லிமீட்டர். ஆனா கோட்டுல ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நகராது. வருஷக்கணக்கா உள்ளுக்குள்ளயே சேர்த்து வச்சு, ஒருநாள் மொத்தமா நகரும். அதுதான் நிலநடுக்கம்."

"மாமியா மருமவ பேசாம இருக்கிற கணக்கா இருக்கு," என்றார் மருதமுத்து. "சரி, அதுக்கு ஏன் என் தோப்பு?"

"முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி நகந்துச்சே, பேரலை வந்த அன்னிக்கு. அதுக்கும் நானூத்து முப்பது வருஷம் முந்தி ஒருதடவை நகந்திருக்கு. அதை ஓடைக்கரையில தோண்டிக் கண்டுபிடிச்சுட்டோம். நானூத்து முப்பது வருஷத்துக்கு அஞ்சு மீட்டர் சேர்ந்திருக்கணும். அன்னிக்கு அஞ்சும் நகந்துருச்சா, இல்ல கொஞ்சம்தான் நகந்துச்சா, அது மட்டும் தெரியலை. அடையாளத்தையெல்லாம் அலை கொண்டுபோயிருச்சு. மிச்சம் இருந்தா, அது எப்ப வேணாலும் நகரலாம்."

"எங்க?"

"இங்கதான். புதுப் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கல் வச்சாங்களே, அந்த வயல் வழியாத்தான் கோடு போகுது."

மருதமுத்து வயல் பக்கம் பார்த்தார். பள்ளிக்கூடமும் விடுதியும் சேர்த்து நூற்று நாற்பது பிள்ளைகளுக்கான கட்டடம். தீவில் மட்டமான நிலம் அது ஒன்றுதான். இந்த மாதக் கடைசிக்குள் ஆராய்ச்சிக்குழு எதையாவது உறுதியாகச் சொல்லாவிட்டால் கட்டடம் எழும்பிவிடும். அவர் வேறெதுவும் கேட்காமல் தோப்பின் படலைத் திறந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு கல்லின் மூலை தட்டுப்பட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மருதமுத்து, எழுபது வயதை மறந்து குழிக்குள் குதித்தேவிட்டார். கல்லின் வழவழப்பான மேல்பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்தார்.

"இது எங்க தொவகல்லு," என்றார். "பவளம் தொவைக்கிற கல்லு."

பவளம் அவர் மனைவி. பேரலை வந்த அன்று விடியற்காலையில் அவர் மலையில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தார். அதனால் பிழைத்தார். இந்த நேரத்தில் பவளம் துவைகல்லில்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டே மலையிலிருந்து ஓடிவந்தார். வந்தபோது வீடும் இல்லை, முற்றமும் இல்லை. அவள் உடல் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே போட்டோவும் வீட்டோடு போய்விட்டது.

குழுத் தலைவர் டாக்டர் வேதமாணிக்கம் நாகர்கோவில்காரர். கல்லைச் சுற்றியிருந்த மண்ணைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது. நிலம் குலுங்கத் தொடங்கியதுமே அடியிலிருந்த ஈரமணல் பொங்கி மேலே வந்து முற்றத்தை மூடியிருந்தது. அலை வந்தது அதற்கப்புறம்தான். ஆக, அந்த முற்றத்து மண் கடைசியாக வெளிச்சம் பார்த்தது நிலம் நகர்வதற்கு முந்தைய நொடியில்.

"மக்களே, இதைவிட நல்ல சாட்சி கெடைக்காது கேட்டியா," என்றார் அவர் நித்திலாவிடம். "கல்லு கோட்டுக்குக் கெழக்கே. அந்தா, மேற்கே புன்னை மரத்து அடிக்கட்டை இன்னும் நிக்கு. இப்பம் அது நேர் மேற்கிலேருந்து அஞ்சு மீட்டர் வடக்கே தள்ளி நிக்கு. அன்னைக்கு எங்க நின்னுதுன்னு இந்த மண்ணு பாத்திருக்கும். நேர் மேற்கே நின்னுதுன்னா அஞ்சும் நகந்து முடிஞ்சாச்சு, பள்ளிக்கூடம் கட்டட்டும். முன்னாடியே வடக்கே நின்னுதுன்னா மிச்சம் உள்ள இருக்கு."

"ஐயாகிட்டயே கேட்டுப் பார்க்கலாமே," என்றாள் நித்திலா.

கேட்டார்கள். துவைகல்லிலிருந்து பார்த்தால் மரம் எந்தப் பக்கமாக நின்றது என்று. மருதமுத்து வெகுநேரம் யோசித்தார்.

"மரத்த யாரு பாத்தா, புள்ள," என்றார் கடைசியில்.

கல்லை ஒட்டிய முற்றத்து மண், பொங்கிய மணலுக்கடியில் வெளிச்சம் படாமல், லேசாகக் கூன்போட்டு மேடாக இருந்தது. அதை ஒரு முழச் சதுர எஃகுப் பெட்டியில் வெட்டி எடுப்பதாக ஏற்பாடு. நித்திலா குழியோரத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் மணலில் பெட்டியை வரைந்து காட்டினாள். மேட்டின் மேற்குச் சரிவில் இருக்கும் மண் மேற்கைப் பார்த்தது. அந்த ஓரம்தான் மரத்துக்கு. நடுவில் இருப்பது கல்லருகில் குனிந்தவர்களை நேருக்கு நேர் பார்த்தது.

"ஓரம் எங்களுக்கு. நடு உங்களுக்கு, ஐயா. அம்மா அங்க இருந்திருந்தா முகம் வரும்."

"முகம் வருமா," என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"வரும். ஆனா வெளிச்சம் படக்கூடாது. ஒரு தீக்குச்சி உரசினாலும் போதும், முப்பத்தோரு வருஷமும் போயிரும். புது வெளிச்சம் பழசை அழிச்சுட்டு அது உக்காந்துக்கும்."

அவர் அவள் வரைந்த சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று கேட்டார். பெட்டியைக் கருவிக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒரு பொழுது அது அவர் வீட்டில் இருக்கவேண்டும்.

வேதமாணிக்கத்துக்கு இது பிடிக்கவில்லை. "இது சாம்பிள் ஓய், பொணமில்ல வீட்டுல கெடத்துகதுக்கு," என்று முணுமுணுத்தார். ஆனால் தோப்பு மருதமுத்துவுடையது. நித்திலாவும் பொறுப்பேற்றுக்கொள்வதாகச் சொன்னாள். பட்டப்பகலில் குழிமேல் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, மண்ணிலுள்ள தடத்தைக் கலைக்காத மங்கல் சிவப்பு விளக்கில் மேல்மணலை நீக்கிப் பெட்டியை எடுத்தார்கள். மேற்கு எது என்று குழம்பாமலிருக்க அந்தப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டாள். மூடியைப் போட்டு, கறுப்புத் துணி சுற்றி, கயிற்றால் கட்டி, மருதமுத்துவின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தபோது மணி பதினொன்று. மாலை நான்கு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

நான்கு மணிக்கு நித்திலாவும் வேதமாணிக்கமும் போனபோது ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பெட்டி வடக்குச் சுவரோரம் இருந்தது. கயிற்று முடிச்சு அவள் போட்ட முடிச்சு இல்லை. மூடியின் விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய். அறை முழுக்கப் புன்னை எண்ணெய் எரிந்த வாடை.

நித்திலா முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "திறந்தீங்களா ஐயா?"

"வெளக்கு வச்சேன்," என்றார் மருதமுத்து.

வேதமாணிக்கம் அன்று பேசியதையெல்லாம் எழுதவேண்டியதில்லை. படிப்பறிவில்லாத மனுசன் என்றார். நூற்று நாற்பது பிள்ளைகள் என்றார். அப்புறம் நித்திலாவைப் பார்த்து, பொறுப்பேத்துக்கிட்டியே, இப்பம் யாரு ரிப்போர்ட் எழுத என்று கேட்டார். மருதமுத்து எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாதாடவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அவர்கள் பெட்டியைத் தூக்கும்போது ஒரு பேச்சு மட்டும் சொன்னார்.

"தலமாட்டுல ஒரு வெளக்கு வைக்காம ஒருத்திய எப்படி அனுப்புறது?"

நித்திலாவுக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, தன்மேலா என்று தெரியவில்லை. அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தாள். சொன்னது போதவில்லை என்றால் யார் தப்பு.

மறுநாள் காலை வேதமாணிக்கம் பெட்டியைக் கொட்டிவிடச் சொன்னார். அவள் கேட்கவில்லை. ஆய்வுக்கூடமாக வைத்திருந்த கன்டெய்னரின் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியைக் கருவிக்குள் வைத்தாள். கருவி கிழக்கு ஓரத்தில் தொடங்கி வரிவரியாக மேற்கே நகரும். மூன்று மணி நேரம் ஆகும். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே சிவப்பு வெளிச்சத்தில் அவளுக்குத் தன் கைகளே வேறு யாருடையதோ போலத் தெரிந்தன. திரையில் முதலில் ஒரு மூடுபனி வந்தது. அது எப்போதும் வரும். உலகம் அதற்குள்ளிருந்துதான் மெல்ல மெல்லத் திரளும். இந்த நேரத்தில் அவளுக்குத் தான் மண்ணுக்குள் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பதுபோல இருக்கும். தனக்கு மேலே யாராவது நடந்துபோவார்களா என்று காத்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு மணி நேரத்தில் சுடர் ஒன்று திரண்டது. அகல்விளக்கின் சுடர். அதன் பக்கத்தில் குனிந்த ஒரு முகம். கீழேயிருந்து பார்த்த முகம் என்பதால் முதலில் தாடைதான் தெரிந்தது, பிறகு நரைத்த மீசை, பிறகு ஈரமான கண்கள்.

மருதமுத்து.

நான்கு ஆண்டுகள் காத்திருந்து அவளுக்குக் கிடைத்த முதல் மனித முகம், தினமும் டீ குடிக்கும்போது எதிரில் பார்க்கிற முகம். அவளுக்கு அழுகை வந்தது. ஒரு பெண்ணின் கடைசி முகம் இருந்த இடத்தில் அதை அழித்துவிட்டு இந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். கருவியை நிறுத்தக் கை போயிற்று. நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் மணி நேரம் முடியும் தறுவாயில், மேற்கு ஓரம் நெருங்கியபோது, விளக்கின் வெளிச்சம் சட்டென்று நின்றது. நின்ற கோடு நேராக இல்லை. வளைந்து வளைந்து, மேடும் பள்ளமுமாக ஓடியது. நித்திலா திரைக்குக் கிட்டே போனாள். மேடுகளை எண்ணினாள். நான்கு, பக்கத்தில் சற்றுத் தள்ளி ஒரு தடித்த மேடு. மறுபடியும் நான்கு, ஒன்று.

விரல்கள். இரண்டு உள்ளங்கைகள், பக்கத்தில் பக்கத்தில், வெள்ளைக் கோடு போட்ட அந்த ஓரத்தை முழுசாகப் பொத்தியிருந்தன. விளக்கு எரிந்த நேரம் முழுக்க அந்தக் கைகள் அசையவே இல்லை. ஓரம் எங்களுக்கு, நடு உங்களுக்கு என்று அவள் சொன்னதை அவர் ஓர் எழுத்து பிசகாமல் கேட்டிருக்கிறார். தனக்கென்று கிடைத்த நடுவில் விளக்கை வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு உரியதைக் கையால் மூடிக் காத்திருக்கிறார்.

அந்த இரண்டு கைகளின் உருவத்துக்குள்ளே முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய விடியல் இருந்தது. சாம்பலும் ரோஜாவுமான வானம். அதில் ஒரு புன்னை மரம், கிளையெல்லாம் பூவோடு. நித்திலா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

வேதமாணிக்கம் வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோணத்தை அளந்தார், மறுபடியும் அளந்தார்.

"மூணு மீட்டர் வடக்கே," என்றார். "அன்னைக்கே அங்கதான் நின்னுருக்கு. அப்பம் நகந்தது வெறும் ரெண்டுதான். மூணு உள்ள கெடக்கு." நோட்டில் குறித்துக்கொண்டே, "பள்ளிக்கூடத்த மலைப்பக்கம் கொண்டுபோகச் சொல்லி இன்னைக்கே எழுதீருகேன்," என்றார். போகும்போது வாசலில் நின்றார். "அந்த மனுசன நான் என்னவெல்லாமோ சொல்லிப்போட்டேன், மக்களே."

அவர் மரத்தை மட்டும்தான் பார்த்தார். அவருக்கு வேண்டியது கோணம். நித்திலா படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தது அவர் போன பிறகு. பார்த்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் படத்தின் அச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள். மருதமுத்து காய்ந்த புன்னங்கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மரம் வந்துச்சா?"

"வந்துச்சுங்கய்யா. பள்ளிக்கூடத்த மாத்தச் சொல்லி எழுதியாச்சு."

"அப்ப சரி," என்று அவர் மறுபடி சுத்தியலை எடுத்தார்.

"கையால மூடியிருந்தேன்னு நேத்தே ஏன் சொல்லல?"

"பெரியவரு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாரு. சத்தம் போடுற ஆளுகிட்ட என்னத்தச் சொல்றது. மூடிய பாதி தள்ளி வெளக்க வச்சு, இருட்டுப் பக்கத்துல கைய விட்டுப் பொத்திக்கிட்டுத்தான் மிச்சத்தத் தள்ளுனேன். அதோட சரியா பொத்துனனா இல்லியான்னு எனக்கே தெரியாது."

நித்திலா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அம்மா முகத்தைப் பார்க்கணும்னு உங்களுக்கு ஆசை இல்லையா?"

"ஏன் இல்லாம?" அவர் ஒரு கொட்டையை உடைத்து, பருப்பை எடுத்து, முறத்தில் போட்டார். "அந்த மூஞ்சி எனக்குத் தெரியும் புள்ள. முப்பத்தோரு வருஷமா நான் மறக்கல. எனக்கு ஒண்ணும் கொறையில்ல. அவளுக்குத்தான் ஒரு வெளக்கு இல்லாம போச்சு. அந்த மண்ணு வேலைய முடிச்சுட்டு நீங்க கொட்டிருவீங்க. அதுக்கப்புறம் நான் எங்க போயி வைப்பேன்."

அவள் படத்தை நீட்டினாள். அவர் அதைக் கையை நீட்டிப் பிடித்து எட்டவைத்துப் பார்த்தார். நடுவில் தன் முகத்தைக் கண்டதும் சிரித்துவிட்டார். "கெழவன் வந்து நடுவுல குந்திக்கிட்டான் பாரு." பிறகு விரல் மேற்கு ஓரத்துக்குப் போனது. தன் கைகளின் உருவத்தை அடையாளம் கண்டுகொண்டது. அதற்குள் இருந்த மரத்தில் வந்து நின்றது.

அங்கேயே நின்றுவிட்டது.

மரத்தடியில், விரல்நகம் அளவுக்கு, ஒரு பெண். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்திருந்தாள். ஒரு கையில் கூடை. இன்னொரு கை தரையிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது. முகத்தைப் பாதி திருப்பிக் கல்லின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலம் அப்போதுதான் அசையத் தொடங்கியிருக்கவேண்டும். முகத்தில் பயம் இன்னும் வரவில்லை.

"வெளக்குக்கு எண்ணெய் ஆட்டக் கொட்டை பொறுக்கப் போயிருக்கா," என்றார் மருதமுத்து. "அன்னிக்கின்னு பாத்து மொதல்ல அங்க போயிருக்கா. அவ கல்லுலதான் இருப்பான்னுல்ல நான் நெனச்சேன்."

தென்னை ஓலைகளின் நிழல் படத்தின்மேல் விழுந்து விழுந்து விலகியது. நித்திலா அவரைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் படத்தை மடியில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். விரல்களின் இடுக்கில் சின்னச் சின்னதாகச் சிவந்து தடித்திருந்தது.

"வெளக்கு எரியறப்ப எறும்பு ஏறி கடிச்சுச்சு புள்ள," என்றார். "ஒரு மரத்துக்காக எவ்வளவு நேரம்தான் தாங்குறதுன்னு, கைய எடுத்துரலாம்னுதான் பாத்தேன்."